இலுப்பை மரத்துக் கதண்டு

எங்கள் மடத்து இலுப்பை மரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது. குளவி இனத்தில் பெரியது கதண்டு. நாலைந்து சேர்ந்து கொட்டினால் ஆள் பிழைப்பது அரிது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மற்ற ஊர்களில் தென்னையில் ஒரு கூடு கண்ணில் பட்டால் போதும், அன்று சாயங்காலமே தீப்பந்தம் போய்விடும். எங்கள் மடத்தில் மட்டும் யாரும் பந்தம் எடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மாள். நாற்பதை இப்போதுதான் தாண்டியிருந்தார். அவரிடம் புதிதாக வந்து சேர்ந்த சீடர் உத்திராபதிக்கு அறுபது. ஜெயிலில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் கைதிகள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்களாம். வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தால் ரேடியோ நின்றுவிடுமாம். எல்லாம் அவரே சொன்னதுதான். மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்.

குருபூசை நெருங்கியது. உத்திராபதியின் மகள் தேன்மொழி கல்யாணமாகிப் போனதிலிருந்து அப்பா முகத்தில் விழிக்காதவள். குருபூசைக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று மடத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். பேத்தியை அவர் பார்த்ததே இல்லை. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாளிடம் போய் நின்றார்.

"கூட்டைக் கொளுத்திடறேம்மா. பிள்ளையை ஒண்ணு கொட்டிடுச்சுன்னா அவ இனிமே இந்தப் பக்கமே வரமாட்டா."

"கொட்டுமா?"

"ஊரே சொல்லுதே."

"ஊர் சொன்னதைக் கேட்டிருந்தா உங்களையும் மடத்துல சேர்த்திருக்க மாட்டேன்" என்றார் அம்மாள். பிறகு, பூசைக்கு வேண்டிய பித்தளைப் பாத்திரங்களை அந்த மரத்தடியில் உட்கார்ந்து துலக்கச் சொன்னார். கதண்டு கொட்டினால் அன்றைக்கே கொளுத்திவிடலாம் என்றும் வாக்குக் கொடுத்தார்.

பயந்தவர் என்று பெயர் வாங்க உத்திராபதி சம்மதிப்பாரா? அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் இலுப்பையடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினார். தலைக்கு மேலே கதண்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்று அவர் முழங்கையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாம் பளபளத்தன. அவர் உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லை.

அதுதான் அவருக்கு உறுத்தியது. அவ்வளவு பெரிய பேர் எடுத்த ஜந்து அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மறைந்த குருமார் ஒவ்வொருவர் பேரிலும் எங்கள் மடத்தில் ஒரு மரம் உண்டு. குருபூசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லா மரத்துக்கும் சாம்பிராணிப் புகை காட்டுவோம். கதண்டு குடியிருக்கிற வருஷத்தில் இலுப்பைக்கு மட்டும் புகை கிடையாது, பூவோடு சரி. அந்த மரத்துக்கு உரிய குரு அதற்காகக் கோபித்துக்கொள்கிறவர் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை உத்திராபதி தூபக்காலைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே இலுப்பையடிக்குப் போனார். ஒரு குருவுக்கு மட்டும் புகை காட்டாமல் விடுவது என்ன மரியாதை என்று எங்களையே கேட்டார். நாங்கள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகை மேலே ஏறியது. கூட்டில் இரைச்சல் கேட்டது. ஒரு கதண்டு வந்து அவர் நெற்றியில் முட்டிவிட்டுத் திரும்பியது. அவர் நகரவில்லை. மறுபடியும் வந்து முட்டியது. அப்போதும் நின்றார். அதற்கப்புறம்தான் கொட்டியது.

புருவம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. வலி உயிர் போகிற மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் ஜெயித்தவர் முகத்தோடுதான் அம்மாளிடம் வந்தார்.

"கொட்டிடுச்சும்மா. கொளுத்தலாமா?"

அம்மாள் அவர் கையில் இன்னும் புகைந்துகொண்டிருந்த தூபக்காலைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள புகை போட்டா நானும்தான் கொட்டுவேன்" என்றார். வீக்கத்துக்கு மருந்து போட ஆள் அனுப்பினார். பந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

குருபூசையன்று தேன்மொழி வந்தாள். இலுப்பையைச் சுற்றிக் கயிறு கட்டி, பந்திச் சமையலுக்கான கோட்டையடுப்பைப் புகை எட்டாத பக்கம் மாற்றி, வேட்டும் மேளமும் இல்லாமல் பூசையை முடித்திருந்தோம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பந்தி பந்தியாக ஊரே சாப்பிட்டது. தலைக்கு மேலே கதண்டு பறந்தபடி இருந்தது. ஒருவரைக்கூடத் தொடவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கூட்டைக் காட்டினோம். தேன்மொழியின் குழந்தையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்துச் சிரித்தது.

உத்திராபதி சாம்பார் வாளியோடு அந்தப் பந்திக்கு வந்தார். மகளைக் கண்டதும் கூப்பிடுவதற்காகத் தொண்டையைச் செருமினார்.

தேன்மொழி எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். தலை நிமிரவில்லை. குழந்தையை இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள்.

பந்தி முழுக்க அதைப் பார்த்தது. உத்திராபதி சாம்பார் ஊற்றாமலே திரும்பினார். வாளியோடு அம்மாளைத் தேடிப் போனார். மீசைக்கு மேலே முகம் சிவந்திருந்தது. மகள் கதண்டுக்குக் கீழே நிம்மதியாகச் சாப்பிடுகிறாள், என்னைக் கண்டால் நடுங்குகிறாள் என்று குமுறினார்.

"இந்தக் கதண்டு கொட்டி எத்தனை பேர் செத்திருக்காங்க. நான் யாரையாவது கொன்னிருக்கேனாம்மா?"

"இல்லை."

"அப்ப அதைவிட நான் பொல்லாதவனா? இல்ல, அது பொல்லாததுன்னு ஊர் சொல்றதுதான் பொய்யா?"

அம்மாள் மரத்தைப் பார்த்தார். ஒரு கதண்டு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்து கூட்டின் வாய்க்குள் நுழைந்தது. குஞ்சுக்கு.

"ஊர் சொல்றது மெய்தான் ஐயா. அது பொல்லாததுதான். ஆனா, கூட்டுக்கு வெளியில மட்டும்."