பாம்புக் காது

"கண்ணு முழுசாப் போன பிறகும் நான் இந்த ஆட்டத்துல இருப்பேனா மாஸ்டர்?"

பால்பாண்டி அண்ணன் இப்படிக் கேட்டபோது நானும் சகாயமும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. ஆடி மாசம் ஊரில் ஒருத்தரும் கல்யாணம் பண்ண மாட்டார்கள் அல்லவா, கூடம் காலியாகக் கிடக்கும், பயிற்சிக்கு எங்களுக்குக் கொண்டாட்டம். எவ்வளவு துடைத்தாலும் சாம்பார் வாசனை மட்டும் போகாது.

மாஸ்டர் என்றால் ஏதோ மீசை வைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் செலின். எங்கள் மூன்று பேரையும்விட வயதில் சின்னவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"தெரியலையேண்ணே," என்றார் மாஸ்டர். "நாளைக்குச் சொல்றேன்."

நாங்கள் ஆடுவது கோல்பால். கண் தெரியாதவர்களுக்காகவே உள்ள ஆட்டம். பந்துக்குள் மணி இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து உருட்டி எறிவார்கள். நாங்கள் மூன்று பேரும் கோலுக்கு முன்னால் நின்று, மணிச் சத்தத்தை வைத்து, உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். சிலருக்குக் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கும் என்பதால் எல்லாருமே கறுப்புக் கண்மூடி மாட்டிக்கொள்வோம். உள்ளே வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே இருட்டு.

பால்பாண்டி அண்ணன் லாரி ஓட்டியவர். பார்வை வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு துளிதான் மிச்சம். அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வண்டியை விட்டதும் பேச்சை விட்டார், சாப்பாட்டை விட்டார். அவர் மனைவிதான் ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து தள்ளினார். வந்த மனுஷன் பந்தைத் தடுத்தார் பாருங்கள், அப்படி ஒரு தடுப்பு! நடுவில் அவர் நின்றால் ஈ நுழையாது. பாம்புக் காது என்று பேர் வைத்தோம். மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். மறுபடி மீசையை முறுக்குகிறார் என்று அண்ணி சொன்னார்.

மாநில அணிக்கு மாஸ்டர்தான் பேர் கொடுக்க வேண்டும். அண்ணன் பேர் இல்லாமலா என்றிருந்தோம்.

எனக்கு மட்டும் ஒரு குறை. அண்ணன் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்கவில்லை. பந்து எதிராளி கையை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே அவர் பாய்ந்துவிடுவார். நானோ பிறந்ததிலிருந்து காதை வைத்தே பிழைக்கிறவன். வீட்டில் ரேடியோவை மெதுவாக வைத்துப் பழகிப் பார்த்தேன். உஸ்மான், உன் காது மந்தம்டா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மாஸ்டர் எங்கள் மூன்று பேரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். நடுவில் அண்ணன், வலப்பக்கம் நான், இடப்பக்கம் சகாயம். கண்மூடி போட்டுக்கொண்டோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அமைதி என்றார். ஆட்டம் என்றார்.

குனிந்து காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. முடியை முடிந்துகொள்கிறாராக்கும் என்று நினைத்தேன். இன்னும் சத்தமில்லை. சகாயம் மூச்சு விடுவது கேட்டது.

திடீரென்று என் பக்கத்தில் சரட்டென்று உடம்பு தரையில் உரசியது. தொப்பென்று ஏதோ ஒருத்தர் நெஞ்சில் மோதியது. அண்ணன் பாய்ந்திருந்தார்.

"என்னண்ணே?" என்று கேட்டேன். "எதைப் பிடிச்சீங்க?"

சத்தியமாக எனக்குப் புரியாமல்தான் கேட்டேன். சகாயம், பல்லியாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மாஸ்டர் குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் பாதி தூரம் நடந்து வந்திருக்கிறார்! "உஸ்மான், அதை வாங்கிப் பாரு," என்றார்.

கையை நீட்டினேன். பந்துதான். மேலே பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றியிருந்தது. பிரித்துத் தடவினேன். ஓட்டைகளில் எல்லாம் பஞ்சு. ஆட்டிப் பார்த்தேன். மணி ஊமையாகிவிட்டது.

கேட்கவே கேட்காத பந்தை ஒருத்தர் எப்படித் தடுப்பார்? கண்மூடிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சந்து இருந்தால் தடுப்பார். இத்தனை நாளும் நான் என் காதைத் திட்டிக்கொண்டிருந்தேனே! பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை.

"எறியறதுக்கு முன்னாடியே உங்க உடம்பு உரசுற சத்தம் எனக்குக் கேக்கும்ணே," என்றார் மாஸ்டர். "மாநில அணிக்கு உங்க பேரு போகாது."

அண்ணன் தரையில் இருந்தபடியே பேசினார். "இருக்கிறதே இத்துனூண்டு வெளிச்சம் மாஸ்டர். அதையும் மூடிக்கச் சொன்னா எப்படி? எனக்கு இருட்டுன்னா பயமா இருக்கு."

சகாயம்தான் சொன்னான். "நாங்க அங்கதானேண்ணே இருக்கோம்."

வெடுக்கென்றெல்லாம் சொல்லவில்லை. வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னான்.

அண்ணன் எழுந்தார். கண்மூடியைக் கழற்றி வீசிய சத்தம் கேட்டது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். ஒருத்தரும் தடுக்கவில்லை. வெளியே ஆட்டோ ஒன்று நின்று, ஆரன் அடித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. என் முன்னால் வந்து நின்றது.

"அந்தப் பஞ்சைக் குடு உஸ்மான்."

சுண்டுவிரலால் நோண்டி நோண்டி எடுத்துக் கொடுத்தேன். பந்துக்குள் மணி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. அண்ணன் வீசிய கண்மூடியைத் தேடி எடுத்து, அந்தப் பஞ்சை அதற்குள் வைத்து அடைத்து மாட்டிக்கொண்டார். நடுவில் போய் நிற்கிறேன் என்று சுவரில் முட்டிக்கொண்டார். சகாயம் தரையைத் தட்டிக்காட்டினான். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்து எங்கள் நடுவில் சேர்ந்தார்.

மாஸ்டர் எறிந்தார். அண்ணன் தப்பான பக்கம் பாய்ந்தார். கோல். மறுபடி எறிந்தார். என் மேலேயே வந்து விழுந்தார். கோல். அடுத்தது காதோரம் போனது, அசையவே இல்லை. ஈ நுழையாத இடத்தில் அன்றைக்கு லாரியே நுழைந்தது. நான் இடது, இடது என்று கத்திப் பார்த்தேன். சகாயம் தட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசியாக ஒரு பந்து அவர் விரல் நுனியில் பட்டது. பட்டுவிட்டுப் போய் அதுவும் கோல்தான். ஆனால் கேட்டுத்தான் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அண்ணன் தரையில் கிடந்தபடியே மூச்சு வாங்கினார்.

"நேத்து கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல மாஸ்டர். கண்ணு போன பிறகும் நான் இந்த ஆட்டத்துல இருப்பேனா?"

மாஸ்டர் பந்தைத் தேடி எடுத்தார். மணி குலுங்கியது.

"இன்னைக்குத்தானேண்ணே சேந்திருக்கீங்க," என்றார். "அதுக்குள்ள எப்படிச் சொல்றது?"