குரல் மட்டும் வந்த காவல்காரன்

மலையடிவாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. மாசி பிறந்து முருங்கை பூத்த நேரத்தில் அங்கே ஒரு தேன்சிட்டுத் தம்பதி குடிவந்தது. கொய்யாக் கிளையின் நுனியில் கூடு கட்டியது மனைவிதான். சிலந்தி நூலையும் தேங்காய் நாரையும் கோத்து, பார்ப்பவர்கள் ஏதோ குப்பை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வெளியே சருகுகளைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தன.

அடைகாப்பது அவள் வேலை, காவல் அவன் வேலை. அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அவன் முருங்கையின் மொட்டைக் கிளையில் வந்து உட்கார்ந்து "சீவிட், சீவிட்" என்று குரல் கொடுப்பான். 'நான் இருக்கிறேன், நீ போய்ச் சாப்பிட்டு வா' என்று அதற்கு அர்த்தம். அந்தக் குரல் கேட்காமல் அவள் கூட்டைவிட்டு இறங்கியதில்லை. கேட்டபின் சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்ததும் இல்லை. புருஷன் குரலையே நம்பாவிட்டால் அப்புறம் என்ன குடித்தனம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து நகரத்துப் பறவை ரசிகர் மன்றத்தார். முன்னால் வந்தவர் தலைவர் மயில்வாகனன், பெரிய கேமராவோடு பின்னால் வந்தவள் தமயந்தி. அவர்களைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. இலைப் பச்சையில் சட்டை. சென்ட் கிடையாது. எறும்புச் சாரியைக்கூடத் தாண்டித்தான் கால் வைத்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் மயில்வாகனன். "இது அதுகளோட வீடுங்க. நாம விருந்தாளிக. எந்தத் தொந்தரவும் குடுக்கப்படாது."

எல்லோரும் கோயிலுக்குள் நிற்பதுபோல் தலையாட்டினார்கள்.

நின்றார்கள், நின்றார்கள், தேன்சிட்டு வெளியே வரவில்லை. அவன் முருங்கை இலைகளுக்குள் தேன் குடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

"வெயில் ஏறுதுங்க சார். அப்புறம் படம் நல்லா வராதுங்க," என்று தமயந்தி முணுமுணுத்தாள்.

மயில்வாகனன் சிரித்தார். "வராம எங்க போயிரும்?" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்து, தோட்டத்து வாசலோரச் செம்பருத்தியில் செருகி, பொத்தானை அழுத்தினார்.

"சீவிட், சீவிட்," என்றது கைப்பேசி.

முருங்கைக்குள் இருந்தவனுக்கு ரத்தம் கொதித்தது. பொண்டாட்டி அடைகாக்கும் இடத்தில் எவனோ ஒருத்தன்! தலைகால் புரியாமல் செம்பருத்திக்குப் பாய்ந்தான். "யாரடா நீ? ஆம்பிளையாக இருந்தால் வெளியே வா!" சிறகடியில் மறைந்திருக்கும் மஞ்சள் இறகு சிலிர்க்க, வாய் பிளந்து கத்தினான். கேமராக்கள் படபடத்தன.

"என்னமாப் பாடுதுங்க!" என்று தமயந்தி உருகினாள்.

கூட்டிலிருந்தவளுக்கும் அந்தச் "சீவிட்" கேட்டது. விடிந்ததிலிருந்து பட்டினி. 'அப்பாடா, வந்துவிட்டான்' என்று அவள் நிம்மதியாக எழுந்து பறந்தாள்.

திரும்பி வந்தபோது கூட்டின் வாசல் கிழிந்திருந்தது. உள்ளே ஓட்டுத் துண்டுகள்தான் இருந்தன. வேலியில் ஒரு செம்போத்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தொண்டை கட்டிப்போய் அவனும் வந்து சேர்ந்தான். "நான் கூப்பிடாமல் ஏன் கூட்டை விட்டுப் போனாய்?"

"நீதானே குரல் கொடுத்தாய்? என் காதால் கேட்டேன்!"

"நான் கொடுக்கவே இல்லை!"

முருங்கைப் பூவில் இருந்த சிறுதேனீ பதறிக்கொண்டு வந்தது. "அக்கா, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். குரல் செம்பருத்தியிலிருந்து வந்தது. நான் போய்ப் பார்த்தேன். கறுப்பாக, மழமழவென்று ஒன்று இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை."

அவள் செம்பருத்திக்குப் பறந்தாள். "நீதானா?" என்று கேட்டாள்.

"நான் வெறும் குரல்," என்றது கைப்பேசி. "அழுத்தினால் பேசுவேன்."

"காவலுக்கு இருக்கிறேன் என்று சொன்னாயே, இருந்தாயா?"

"அதற்கு அதுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியாது."

"உன்னை அழுத்தினவர்களுக்கு?"

"அவர்கள் அர்த்தம் கேட்பதில்லை. படம் தெளிவாக விழுந்ததா என்றுதான் பார்ப்பார்கள்."

அவள் ஆத்திரத்தோடு செம்போத்தின் பக்கம் திரும்பினாள். செம்போத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "திருடினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குப் பசி. அவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்," என்றது.

அவள் மயில்வாகனன் தலைக்கு நேர் மேலே போய் நின்று கத்தினாள். அத்தனை சின்ன உடம்பில் எவ்வளவு கோபம் கொள்ளுமோ அவ்வளவும் அதில் இருந்தது.

"ஆகா, பொட்டையும் வந்துருச்சுங்க!" என்றார் அவர். "ஜோடியா எடுங்க, விட்றாதீங்க!"

பங்குனியில் அவள் எலுமிச்சையில் மறுபடி கூடு கட்டி முட்டையிட்டாள். அதே வாரம் தோட்டத்து வாசலில் மன்றத்தார் ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஆள் உயரத்துக்கு அவள் புருஷன் வாய் பிளந்து நின்றான். 'வசந்தத்தின் ஆனந்த கீதம்' என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் பச்சைச் சட்டை, எல்லோரும் மெல்லிய குரல்.

அன்று அவன் மெய்யாகவே மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருந்தான். "சீவிட், சீவிட்," என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"நான்தான். பசியோடு கிடக்காதே, போய் வா."

"அன்றைக்கும் இப்படித்தான் கேட்டது."

அவன் கூட்டின் வாசலுக்கே வந்து நின்றான். "கண்ணால் பார். நானேதான்."

"இப்போது நீதான். நான் போனபின் அது கூப்பிட்டால் நீ பாயமாட்டாயா?"

அவன் செம்பருத்திப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பக்கத்திலேயே பூ நிறைய முருங்கை நின்றது. அவள் முட்டைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடினாள். சிறுதேனீ கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கீழே செம்பருத்தியில் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியிருந்தது.

"பொட்டை கூட்டை விட்டு அசையவே மாட்டேங்குதுங்க சார்," என்று தமயந்தி கிசுகிசுத்தாள்.

மயில்வாகனன் உதட்டில் விரலை வைத்தார். "உஷ்! நீங்க பேசி அதைப் பயமுறுத்தாதீங்க. கைப்பேசியில சத்தம் பத்தலீங்க. இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க."