தானாகச் சுழன்ற கூரை

இருட்டிய பிறகு மலைமேல் அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்ர்… டக்.

கொஞ்சம் மௌனம். மறுபடியும் கர்ர்ர்… டக்.

“பேய் இல்ல மேடம், நம்ம கூரைதான்,” என்றார் வெளி அறையில் கணினியோடு இருந்த லூர்துசாமி.

நட்சத்திரம் பார்க்கும் கூடம் அது. தொலைநோக்கிக்கு வழிவிட, அதன் இரும்புக் கூரை தரையில் பதித்த வட்டத் தண்டவாளத்தில் சுழலும். அதை ஓட்டும் மென்பொருளை எழுதியவர் லூர்துசாமி. தலை நரைத்தபின் இந்தத் தொழிலுக்குச் சீடரானவர். குரு செசிலிக்கு அவர் வயதில் பாதி. அவள் கையெழுத்துப் போட்டால்தான் நாளை கூடம் திறக்கும்.

“ஏன் நின்னு நின்னு ஓடுது?”

“உள்ளே போற ஆள் நசுங்கக் கூடாதே. கதவைத் திறந்தா கூரை நிற்கும். சாத்தினா தானா ஓடும். காத்து கதவை ஆட்டுது, அவ்வளவுதான். கையெழுத்துப் போடுங்களேன்.”

“சார், வீட்ல அழுத குழந்தை திடீர்னு அழுகையை நிறுத்தினா என்ன பண்ணுவீங்க?”

“அப்பாடான்னு திரும்பிப் படுப்பேன்.”

“உங்க வீட்டம்மா?”

“ஓடிப் போய்ப் பார்ப்பா. அவளுக்கு எல்லாத்துக்கும் பயம்.”

செசிலி பெருமூச்சு விட்டாள். “என் டிபன் கேரியர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. எடுத்துட்டு வாங்க. பசிக்குது.”

லூர்துசாமி கதவைத் திறந்தார். கூரை நின்றது. வாசலிலேயே, பழக்கதோஷம், செருப்பை உதறினார். ஒன்று பறந்துபோய்த் தண்டவாளத்தில் விழுந்தது.

காற்று கதவை அறைந்து சாத்தியது.

கர்ர்ர்.

மறுபடி திறந்து பார்த்தார். செருப்பு அப்பளமாகியிருந்தது.

“போங்க சார்.”

“கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மேடம்!”

“எனக்குக் கையெழுத்துப் போடக் கை வேணுமே.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்து கதவைத் திறந்தார். டக். காற்று சாத்தியது. கூரை அசையவில்லை. இன்னொரு முறை அவர் திறந்தார், காற்று சாத்தியது. அசையவில்லை.

“இனி நின்னா நின்னதுதான். ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்த்துட்டு, வெளியே வந்து இந்தச் சுவர்ப் பெட்டியில சாவியைத் திருப்பணும். அப்பத்தான் ஓடும்.”

“சாவி எங்கே?”

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

செசிலி பேனாவை எடுக்கவில்லை. கதவையே பார்த்தாள்.

லூர்துசாமி சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லை. செசிலி எழுந்து ஓடினாள்.

உள்ளே டிபன் மூடி திறக்கும் ஓசை.

“சார்! அது என் எலுமிச்சைச் சோறு!”

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.