மர பங்களாவில் எல்லாம் அப்படியே

கோணப்பாறைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. எடுத்தால் தேய்ந்துவிடும் என்று எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்களின் சாஸ்தா கோயில் காட்டுக்குள் இருக்கிறது. காட்டு கேட்டின் சாவி ரேஞ்சர் ஞானதுரையிடம். பங்குனி உத்திரம் நெருங்கியதும் கோயில் தர்மகர்த்தா பூலுடையார், கொம்பையாவையும் ஆவுடையையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார். சாவி கிடைக்காவிட்டால் அந்த வருஷம் சாமிக்குப் பொங்கல் கிடையாது.

ரேஞ்சர் தாடையைச் சொறிந்தார். "வெள்ளைக்காரன் காலத்து மர பங்களா ஒண்ணு உள்ளே மலைமேல இருக்கு. போன மாசம் அங்கே தங்கின பெரிய மனுசங்க, நாற்காலியை ஒடச்சுக் குளிர்காய்ஞ்சுட்டுப் போயிட்டாங்க. உங்களை நம்பிக் காட்டை எப்படித் திறக்க? மூணு பேரும் இன்னைக்கு ராத்திரி அங்கே தங்குங்க. நீங்க போறப்ப பங்களா எப்படி இருக்கோ, காலையில நான் வாரப்ப அப்படியே இருக்கணும். இருந்தா சாவி."

"இம்புட்டுதானா?" என்றார் பூலுடையார்.

சாயங்காலம் ரேஞ்சர் கேட்டைத் திறந்துவிட, போய்ப் பங்களாக் கதவைத் தள்ளினார்கள். தள்ளிய வேகத்தில் நிலையில் இருந்த சிலந்திவலை கிழிந்து கொம்பையாவின் மீசையில் ஒட்டிக்கொண்டது. உத்தரத்தில் தொங்கிய வௌவால் பயந்துபோய் வெளியே பறந்தது.

பூலுடையார் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுலே. உள்ளே நுழையதுக்கு முந்தியே சாமியப் பட்டினி போட்டாச்சு."

"உக்காராதீக அண்ணாச்சி!" ஆவுடை அலறினான். "தூசி கலையுது!"

எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் வட்டமாகத் தூசி. அதைத் தட்டி, உட்கார்ந்த இடத்திலேயே கொட்டிக் கையால் பரப்பினார்கள். கைத்தடம் விழுந்தது. அதை மூட வெளியிலிருந்து மண் அள்ளி வந்தார்கள். வந்த கால்தடத்தை மூட மறுபடியும் மண். பொழுது அடைவதற்குள் கட்டில் பாதி புதைந்துவிட்டது.

"வௌவாலுக்கு என்ன செய்ய?" என்றான் கொம்பையா.

"வேற ஒண்ணைப் பிடிச்சுத் தொங்க விடுவோமா?" என்றான் ஆவுடை.

"ரேஞ்சர் படிச்ச ஆளுலே. மூஞ்சியப் பாத்ததும் இது வேற வௌவால்னு சொல்லிருவாரு."

நெடுநேரம் யோசித்துப் பூலுடையார் தீர்ப்புச் சொன்னார். "அப்போ நம்மள்ல ஒருத்தன் தொங்குவோம். நம்ம மூஞ்சிதான் அவருக்குப் பழக்கமாச்சே."

ஒல்லியான ஆவுடையைத் துண்டால் உத்தரத்தில் தலைகீழாகக் கட்டினார்கள். வலை யார் மீசையில் இருக்கிறதோ அவனே வலை என்று முடிவாகி, கொம்பையா நிலையில் மீசையை அழுத்திக்கொண்டு நின்றான். குளிர் ஏறியது. கணப்பில் விறகு இருந்தும் தொடவில்லை. பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. வந்தபோது பங்களா சத்தமில்லாமல்தான் இருந்தது என்பதால், ஆளுக்கொரு துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

காலையில் ரேஞ்சர் வந்து கதவைத் தட்டினார். "யோவ், திறங்கய்யா!"

பூலுடையார் துணியைத் துப்பினார். "அது முடியாதுங்க ஐயா. நாங்க வாரப்ப கதவு அடைச்சுத்தான் இருந்துச்சு."

"நான் உள்ளே வந்து பாக்க வேண்டாமா?"

"நாங்க வாரப்ப நீங்க உள்ளே இல்லையே!"

ரேஞ்சர் சன்னலில் எட்டிப் பார்த்தார். புதைந்த கட்டிலைப் பார்த்தார். உத்தரத்தில், கத்தரிக்காய் நிறத்தில் முகம் வீங்கிய ஆவுடை அவரைப் பார்த்து மரியாதையாக, வாய்த்துணிக்குள்ளிருந்தே "கீச்" என்றான்.

இந்த மூன்று பேரும் இன்னொரு ராத்திரி இருந்தால் பங்களா மிஞ்சாது என்று அவருக்குப் பட்டது. கோயில் என்ன ஆகுமோ, இனி அது அந்த சாஸ்தா பாடு. கேட் சாவியைச் சன்னல் வழியாக வீசினார். "எடுத்துக்கிட்டு ஓடுங்கய்யா!"

ஆவுடையை அவிழ்த்து இறக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி மலை இறங்கியதும் பூலுடையார் நின்றார்.

"ஏலே, நாம மலையேறி வாரப்ப கையில சாவி இருந்துச்சா?"

"இல்லையே."

"ரேஞ்சர் ஐயாகிட்ட?"

"இருந்துச்சு."

மூவரும் சாவியைப் பார்த்தார்கள். ஆவுடையின் முகம் அப்போதுதான் சொந்த நிறத்துக்கு வந்திருந்தது, மறுபடியும் வெளிறியது.

"நல்லவேளை அண்ணாச்சி, கண்டுபிடிச்சீக. இல்லேன்னா எல்லாம் கெட்டுருக்கும்."

மலையேறித் திரும்பினார்கள். ரேஞ்சர் மண்வெட்டியோடு வியர்க்க விறுவிறுக்கக் கட்டிலைத் தோண்டிக்கொண்டிருந்தார். பூலுடையார் சாவியை அவர் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டு, இரண்டடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"இப்போதாங்க ஐயா எல்லாம் அப்படியே இருக்கு," என்றார். "சொன்ன சொல் தவறாமச் சாவியைக் குடுங்க."