காது இல்லாத பைகள்

கிட்ட வந்து உட்காருங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை.

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு நெடுமுடியன் என்று ஒரு ராஜா. ஊரில் மூன்று தெரு. கிழக்குத் தெருவில் நிலம் உள்ளவர்கள். நடுத்தெருவில் கடை உள்ளவர்கள். ஓடைத்தெருவில் கை மட்டும் உள்ளவர்கள். தெருவுக்கு நாற்பது வீடு.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு இருக்கிறதே என்றார்கள். மறு வருஷமும் பொய்த்தது. ராஜா இருக்கிறாரே என்றார்கள். மூன்றாம் வருஷமும் பொய்த்தது. அதன்பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடைத்தெருவின் கடைசி வீட்டில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். வீட்டிலிருந்தபடியே பை தைப்பது அவள் பிழைப்பு. வெற்றிலைக்குச் சுருக்குப்பை, விதைக்கு இடுப்புப்பை, சந்தைக்குத் தோள்பை. ஒரு துணியைக் கையால் தடவிப் பார்த்தாலே, இதில் இத்தனை படி அடங்கும் என்று சொல்லிவிடுவாள். அப்படிப் புத்திசாலி. அவள் புருஷன் தெற்கே போய்த் தானியம் கொண்டுவருகிறேன் என்று வண்டி கட்டிப் போனான். அவனும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது சிட்டு என்ற மூன்று வயசுப் பெண் பிள்ளையும், அடுத்த வீட்டு நாத்தனார் ராக்குவும்தான்.

பையில் போட ஒன்றுமில்லாத ஊரில் பைக்காரிக்கு என்ன வேலை? ஊசி சும்மா கிடந்தது. சிட்டு தரையில் கிடந்தபடி கோடித்துணித் துண்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பும். நெய்கிறபோது நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் அல்லவா, அந்தக் கஞ்சிக்காக. ஒரு துண்டு சப்பி முடிந்தால் காத்தாயி இன்னொரு துண்டு கொடுப்பாள்.

ராஜா களஞ்சியத்தைத் திறக்க நினைத்தார். பஞ்சம் தொடங்கின வருஷம் ஒருதரம் திறந்திருந்தார். அப்போது அவரவர் பாத்திரத்தோடு வரச் சொன்னார். கிழக்குத் தெருக்காரர்கள் அண்டாவோடு வந்தார்கள், ஓடைத்தெருக்காரர்கள் விளிம்பு உடைந்த சட்டியோடு வந்தார்கள். அது ராஜாவின் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்தத் தடவை தண்டோரா இப்படிப் போட்டார்கள்:

"ஒரு வீட்டுக்கு இரண்டு முழம் துணி. எல்லாருக்கும் ஒரே துணி. அதில் ஒரு பை தைத்து எட்டாம் நாள் கொண்டுவர வேண்டியது. அந்தப் பையை வாய் வரைக்கும் வரகால் நிரப்புவது ராஜா கொடுத்த வாக்கு."

இரண்டு முழத்தில் தைத்த பை எட்டுப் படி பிடிக்கும். நூற்றிருபது வீட்டுக்கும் எட்டுப் படி. களஞ்சியத்தில் அவ்வளவுதான் இருந்தது. ராஜா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

முதல் நாளே கிழக்குத் தெருப் பண்ணை வீட்டு வடிவம்மாள் ஓடைத்தெருவுக்கு வந்துவிட்டாள். அந்த அம்மாள் அந்தத் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"காத்தாயி, உன் கையில வேலை இருக்குன்னு ஊரே சொல்லுது. இந்தத் துணியில கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கிற மாதிரி தச்சுக் குடு. உன் பிள்ளைக்கு ஒரு அகப்பைக் கூழ் தரேன்."

"ரெண்டு முழத்துக்கு எட்டுப் படிதான் பிடிக்கும்மா."

"அது எங்களுக்கும் தெரியும். உன்னால முடியாதுன்னா சொல்லு, நான் வேற ஆளைப் பார்க்கிறேன்."

முடியாதா என்று கேட்டதும் காத்தாயிக்கு உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது. பசியிலும் சாகாமல் இருந்த ஒன்று அது. துணியைத் தரையில் விரித்தாள். நீளவாட்டில் இழுத்தாள், கொடுக்கவில்லை. அகலவாட்டில் இழுத்தாள், கொடுக்கவில்லை. மூலைக்கு மூலை பிடித்துக் கோணலாக இழுத்தாள். துணி பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி இளகிக் கொடுத்தது.

அப்புறம் என்ன. துணியைக் கோணலாகச் சுற்றினாள். பாம்பு மரத்தில் ஏறுகிற மாதிரி ஒரே தையலைச் சுற்றிச் சுற்றி ஏற்றினாள். வாய்க்கு மடிப்பு வைக்கவில்லை, மடிப்பு துணியைத் தின்னும். காதும் வைக்கவில்லை. பையின் பிடியை எங்கள் பக்கம் காது என்போம். இரண்டு காதுக்கு அரை முழம் துணி போய்விடுமே. தைத்து முடித்து மணலைக் கொட்டி அளந்தாள். பன்னிரண்டு படி.

வடிவம்மாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காதைக் காணோமே?"

"காது எதுக்கும்மா, தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போங்க. வாய் பெருசா இருந்தாப் போதாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிட்டு கூழ் குடித்தாள்.

இரண்டாம் நாள் பத்துப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் கிழக்குத் தெரு முழுக்க வந்தது. அதைப் பார்த்து நடுத்தெருவும் வந்தது. அத்தனையும் ஒருத்தியால் தைக்க ஆகாது என்பதால் துணியை அவள் கோணலாக வெட்டிக் கொடுத்தாள், அவரவர் தைத்துக்கொண்டார்கள். பைக்கு ஓர் அகப்பைக் கூழ். சிட்டுவின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. ஒரு நாள் அவள் எழுந்து வாசல் வரைக்கும் நடந்தாள்.

ராக்கு வாய்த்துடுக்குக்காரி. கதவோரம் நின்றுகொண்டு கேட்டாள்:

"அண்ணி, பையெல்லாம் கோணலா இழுத்தா விரியுது. சரி. களஞ்சியமும் நீ தச்சதுதானா? அதையும் இழுத்தா விரியுமா?"

"போடி. ராஜாவுக்குத் தெரியாததா? அவர் கணக்குப் போட்டிருப்பார்."

"அவர் போட்டது எட்டுப் படிக் கணக்கு. நீ போடுறது பன்னிரண்டு படிக் கணக்கு. நடுவுல யாரு தலையில துண்டு?"

"உனக்கும் சேர்த்துத்தான் பன்னிரண்டு படிப் பை தச்சு வச்சிருக்கேன். பேசாமப் போய்ப் படு."

உண்மைதான். ராக்குவுக்கும் தைத்திருந்தாள், தனக்கும் தைத்திருந்தாள். தனக்குத் தைத்தது அவள் ஆயுசிலேயே நல்ல பை. தையல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

எட்டாம் நாள் வந்தது. முதலில் கிழக்குத் தெரு, அப்புறம் நடுத்தெரு, கடைசியில் ஓடைத்தெரு. எப்போதும் அப்படித்தான், அதை யாரும் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. களஞ்சியக்காரன் முதல் பையில் எட்டுப் படி கொட்டினான். பை இன்னும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. அவன் ராஜாவைப் பார்த்தான். வாய் வரைக்கும் என்று வாக்குக் கொடுத்தவர் என்ன செய்வார்? நிரப்பு என்று கையைக் காட்டினார்.

கிழக்குத் தெரு போயிற்று. நடுத்தெரு போயிற்று. இடுப்பில் சிட்டுவை வைத்துக்கொண்டு காத்தாயி வரிசையில் நின்றாள். அவள் கண் தைக்கிற கண் அல்லவா, கடந்துபோகிற பையை எல்லாம் அளந்தது. பைக்கு நாலு படி கூடுதல். எண்பது பை. நாற்பது வீட்டு வரகு அவள் கண் முன்னாலேயே மற்றவர்கள் தலை மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடைத்தெருவின் முதல் ஆள் படியேறினபோது களஞ்சியக்காரன் விளக்குமாற்றால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டினதில் ஒரு கை வரகு வந்தது. பாதி மண்.

சிட்டுவை ராக்கு மடியில் விட்டுவிட்டுக் காத்தாயி கிழக்குத் தெரு, நடுத்தெரு என்று ஓடினாள். அன்றைக்கு மூன்று வீட்டு வாசலில் நின்றாள்.

முதல் வீடு வடிவம்மாள் வீடு. கூடத்தில் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. "நீ தச்சே, கூழ் வாங்கினே. சரியாப் போச்சு. இது எங்களுக்கே எத்தனை நாளைக்கு?" என்றாள் வடிவம்மாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்.

இரண்டாவது நடுத்தெரு எண்ணெய்க்காரர் வீடு. தட்டினாள். "வீட்டுல யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூன்றாவது வீட்டு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் இரண்டு கைப்பிடி வரகை அவள் மடியில் போட்டாள். காத்தாயி ஓடி வந்தாள், குத்தினாள், காய்ச்சினாள். ராக்கு மடியில் சிட்டு கிடந்தாள். அவளுக்கு இரண்டு நாளாகக் கூழ் இல்லை. ஊரெல்லாம் தைத்து முடிந்த பிறகு யார் கூழ் கொடுப்பார்கள்? காத்தாயி கஞ்சியை அகப்பையில் எடுத்து ஊதினாள். இன்னும் ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, போதும் ஊதினது," என்றாள் ராக்கு. "இனி ஆறணும்னு இல்லை."

பிள்ளைக்குப் போர்த்தக் கோடித்துணி வேண்டுமே. வீட்டில் துண்டு துக்காணி இல்லை, எல்லாம் சப்பித் தீர்ந்தது. அந்தப் பைதான் இருந்தது. காத்தாயி அதைப் பிரித்தாள். எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. பிரித்த துணியைக் கோணலாக இழுத்துப் போர்த்தினாள். துணி இளகிக் கொடுத்தது. மூன்று வயசுப் பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

ஓடைத்தெருவில் அந்த மாதம் பதினோரு வீடு பூட்டிக்கொண்டது.

அப்புறந்தான் வடக்கிலிருந்து தானிய வண்டிகள் வந்தன. ராஜா மறுபடியும் பங்கு போட வேண்டும். பை தைத்தவளைக் கூட்டிவரச் சொன்னார். அவளைத் தண்டிக்கப் போகிறார் என்று ஊர் கூடிற்று. ராஜா இளைத்துப் போயிருந்தார்.

"என் பங்கைக் கெடுத்தது நீதானா?"

"நான்தான் ராசா. கையை வெட்டணும்னா வெட்டிக்கோங்க. அது செஞ்ச வேலை போதும்."

"கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? துணியை எல்லாருக்கும் சமமாகத்தானே கொடுத்தேன். எங்கே பிசகினேன்? அதைச் சொல்."

"துணியைச் சமமாக் குடுத்தீங்க ராசா. வரிசையைச் சமமாக் குடுக்கலையே," என்றாள்.

பிறகு வழி சொன்னாள். "மறுபடியும் எல்லா வீட்டுக்கும் துணி குடுங்க. எல்லாரும் தைக்கட்டும். ஆனா தச்ச பை தனக்கு இல்லை. எல்லாத்தையும் களஞ்சிய வாசல்ல குவிக்கச் சொல்லுங்க. ஓடைத்தெரு முதல்ல வந்து எடுக்கட்டும், அப்புறம் நடுத்தெரு. மீந்தது கிழக்குத் தெருவுக்கு."

ராஜா அப்படியே செய்தார். பெரிய பை தைத்தால் அது ஓடைத்தெருவுக்குப் போய்விடும். சின்னப் பை தைத்தால் அதை யாரும் எடுக்காமல் தனக்கே மிஞ்சும். கிழக்குத் தெருப் பெண்கள் யோசித்து யோசித்துப் பார்த்தார்கள். கடைசியில் நேராக வெட்டி, வாயை மடித்து, இரண்டு காது வைத்து ஒழுங்காகத் தைத்தார்கள். நூற்றுக்கு மேல் பை குவிந்தது. எது யார் தைத்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் எட்டுப் படி.

இந்தத் தடவை எல்லாருக்கும் கிடைத்தது. கொஞ்சம் மீந்தும் போயிற்று. வாங்க வேண்டிய வீடுகள்தான் குறைந்திருந்தனவே.

பிள்ளைகளே, நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மிச்சக் கதை ஒரு வாய்தான் இருக்கிறது: வரிசையில் கடைசியாக நிற்கிறவரை நினைக்காத புத்திசாலித்தனம் வெறும் திருட்டு.

காத்தாயி அன்றைக்கு எல்லாரையும் முன்னால் விட்டுக் கடைசியில் நின்றாள். குவியலில் ஒரே ஒரு பை மிஞ்சியிருந்தது. களஞ்சியக்காரன் அவள் பெயரைச் சொல்லிப் படியை நிறைத்துத் தூக்கினான். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து, வெறும் பையின் வாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நெருக்கி நெருக்கித் தைத்தாள்.

"ஏம்மா, இன்னும் நிரப்பவே இல்லையே," என்றான் களஞ்சியக்காரன்.

"எங்க வீட்டுல பசிக்குதுன்னு சொல்ல ஆள் இல்லீங்க. என் பங்கை ராக்குவுக்குக் குடுங்க," என்று சொல்லிவிட்டு, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.