கொசு இல்லாத ஹோட்டல்

தென்காசி ரைஸ்மில் முதலாளி கோமதிநாயகம் வாயைத் திறந்தால் பெருமைதான். அவர் மகனுக்குத் தன் பெண்ணைக் கொடுக்கப் பேசி முடிக்க வந்திருந்த சிவசைலத்திடமும் அளந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணு. வர்ற மருமக எனக்கு மக மாதிரி. டிரைவர் மாடக்கண்ணு மகன் மாதிரி. சென்னைக்குப் போனா நான் தங்குற பெரிய ஹோட்டல்லதான் அவனும் தங்குவான்."

முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு குடும்பமும் சனி, ஞாயிறு சென்னையில் தங்குவதாகப் பேச்சு. "எந்த ஹோட்டல்னு அவனே சொல்லட்டும்" என்று டிரைவரைக் கூப்பிட்டார். ஏடாகூடமாகப் பேசினால் வேலை போய்விடும் என்பது அவர் முறைப்பிலேயே தெரிந்தது.

மாடக்கண்ணு கைகட்டி நின்றான். "கடற்கரை ஓரத்து ஹோட்டல்தான் நல்லது முதலாளி. அங்க கொசு கிடையாது."

சிவசைலம் சிரித்தார். "அவ்வளவு பெரிய ஹோட்டல்ல கொசுவாப்பா?"

"மத்த ஹோட்டல்ல பிடுங்கி எடுத்துரும்யா. கண்ணாடியை இறக்குனா கொசு, ஏத்துனா மூச்சு முட்டும்."

"ரூம் கண்ணாடியையா?"

"கார் கண்ணாடியைத்தான்யா. நான் படுக்கிறது கார்லதானே. முதலாளி சொன்னது நிஜம், ஒரே ஹோட்டல்தான். அவருக்கு ஒன்பதாவது மாடி, எனக்குத் தரைக்குக் கீழ கார் நிறுத்துற இடம்."

கோமதிநாயகம் கையை நீட்டினார். "சாவியை வச்சிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

மாடக்கண்ணு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் இறங்கி நடந்தான்.

சிவசைலம் தாம்பாளத்து வெற்றிலையைத் தொடாமல் எழுந்தார். "மகன் மாதிரின்னு நீங்க சொன்னவனைப் பாத்துட்டேன். எம் பொண்ணை மக மாதிரி வச்சுக்கிடுவேன்னு சொன்னியளே, அதுதான் பயமா இருக்கு."