கடைசியில் எடுத்த ஐவர்

இருட்டியதும் மில் ஹாஸ்டலுக்குப் பின்னால் டங், டங் என்று சத்தம். மானேஜர் வரதராஜுலு தன் காருக்கு ஷெட் போடுவதற்காக, பெண்களின் பாஸ்கெட்பால் கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாட எங்களுக்கு இது ஒண்ணுதான் சார்" என்றாள் ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்யும் ஜெசிந்தா.

"என் டீமை ஜெயிச்சுக் காட்டு, விட்டுடறேன். ஆனா முதல் அஞ்சு பேரை நான் எடுப்பேன். மிச்சம்தான் உனக்கு."

கூடை போடுவதில் பேர் வாங்கிய நெட்டைப் பெண்களையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் ஜெசிந்தா ஐவரைப் பொறுக்கினாள்.

ஞாயிறு ஆட்டத்தில் அவருடைய ஐவரும் "எனக்குப் போடுடி!" என்று கத்தினார்களே தவிர, ஒருத்தியும் பந்தை விடவில்லை. ஜெசிந்தாவின் குட்டைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றியே ஜெயித்தார்கள்.

"இதுகளை எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"மெஸ்ஸில சாம்பார் வாளி வந்தா, பக்கத்துத் தட்டுக்கு முதல்ல ஊத்தறவங்க இவங்கதான் சார். நீங்க எடுத்தவங்க வாளியையே விடமாட்டாங்க!"

ஹாஸ்டலே சிரித்தது. மானேஜர் விடுவிடுவென்று தன் அறைக்குள் போய், அந்தச் சிரிப்பு கேட்காதபடி கதவை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.